பின் ஷாக்கை ஃபிரேமுக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஒரே ஷாக்கை இரண்டு மவுண்டன் பைக்கில் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒன்றில் கல், வேர் எல்லாம் காலுக்குத் தெரியாமல் கடந்துபோகும். மற்றொன்றில் சின்னக் குதிப்புக்கே ‘டங்’கென்று அடிமுட்டும். ஷாக் அதேதான்; சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவில் இருக்கும் லிங்க் அமைப்புதான் வேறு. விலை உயர்ந்த ஷாக்கை வாங்கிப் போட்டும் பைக் முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள். கையில் இருக்கும் ஃபிரேமை முதலில் அளந்துவிடுங்கள். ஷாக் விலைப்பட்டியல் அப்புறம்.

கணக்கு எளிதாக இருக்க, கட்டுரை முழுக்க ஒரே ஃபிரேமை எடுத்துக்கொள்வோம்: பின் சக்கரப் பயணம் (சக்கரம் மேலே ஏறக்கூடிய மொத்த தூரம்) 150 மி.மீ., ஷாக் அளவு 230×60.

நீளமும் ஸ்ட்ரோக்கும்

230 என்பது ஷாக்கின் இரு முனைத் துளைகளுக்கு இடையே மையத்துக்கு மையம் உள்ள நீளம். 60 என்பது ஸ்ட்ரோக், ஷாக் முழுதாக அமுங்கும் தூரம். 2016-ல் ஷாக் நிறுவனமான ராக்‌ஷாக்ஸ் முன்வைத்த மெட்ரிக் வரிசையில் நீளம் 190, 210, 230, 250 என்று போகும். ஒவ்வொரு நீளத்துக்குள்ளும் ஸ்ட்ரோக் 2.5 மி.மீ. படிகளில் மாறும். அதற்கு முந்தைய ஃபிரேம்கள் இன்ச் கணக்கில் வந்தவை; மி.மீ.-ல் சொன்னால் 200×57, 216×63, 222×70 போன்றவை. ட்ரன்னியன் வகையில் மேல் முனைத் துளையே கிடையாது. ஷாக் உடம்பின் இரு பக்கமும் போல்ட் நேராக இறங்கும். அதே ஸ்ட்ரோக்குக்கு அது 25 மி.மீ. குட்டை: 165, 185, 205, 225. ட்ரன்னியனுக்காகச் செய்த ஃபிரேமில் சாதா ஷாக் ஏறாது, சாதா ஃபிரேமில் ட்ரன்னியனும் ஏறாது.

நீளத்தில் ‘கிட்டத்தட்ட’ என்ற பேச்சே கூடாது. நம் ஃபிரேமில் 5 மி.மீ. குட்டையான ஷாக்கைப் போட்டால், தொடக்க லீவரேஜ் (ஷாக் ஒரு மி.மீ. அமுங்கும்போது சக்கரம் எத்தனை மி.மீ. ஏறுகிறது என்ற விகிதம்) 2.8 என்பதால், பின் சக்கரம் 14 மி.மீ. மேலே ஏறி உட்கார்ந்துவிடும். 1220 மி.மீ. சக்கர இடைவெளி உள்ள பைக்கில் தலைக்கோணம் (முன் ஃபோர்க்கின் சாய்வு) ஏறக்குறைய 0.65 டிகிரி சாயும், பெடல் அச்சு 9 மி.மீ. தாழும், கல்லில் பெடல் இடிக்கத் தொடங்கும். அதைவிட மோசம் அடியில் நடப்பது. ஸ்ட்ரோக் அதே 60 என்றால், முழுதாக அமுங்கும்போது லிங்க், வடிவமைத்தவர் நினைத்த எல்லையைத் தாண்டி 5 மி.மீ. உள்ளே போகும், டயர் சீட் குழாயில் போய் உரசும்.

ஸ்ட்ரோக்கைக் கூட்டுவது வேறு விஷயம். பல மெட்ரிக் ஷாக்குகளில் உள்ளே இருக்கும் ஸ்பேசரை எடுத்தால் 2.5 அல்லது 5 மி.மீ. கூடுதல் ஸ்ட்ரோக் கிடைக்கும். கடைசி லீவரேஜ் 2.2 உள்ள ஃபிரேமில் 2.5 மி.மீ. என்பது சக்கரத்தில் 5.5 மி.மீ. பயணம். ஃபிரேம் கம்பெனி அனுமதித்திருந்தால் செய்யலாம். அனுமதித்திருக்கிறதா என்று தெரியாவிட்டால், முழு அமுக்கத்தில் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஸ்பேசரை எடுக்க ஷாக்கைப் பிரிக்க வேண்டும். சர்வீஸ் கடையின் வேலை அது.

லீவரேஜை நீங்களே அளப்பது

சக்கரப் பயணத்தை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் சராசரி லீவரேஜ்: 150 ÷ 60 = 2.5. இந்த ஒரு எண்ணை வைத்து யாரும் ஷாக் வாங்கக் கூடாது. தொடக்கத்தில் 2.8-ல் இருந்து கடைசியில் 2.2-க்கு இறங்கும் ஃபிரேமுக்கும், முழுக்க 2.5-லேயே நிற்கும் ஃபிரேமுக்கும் சராசரி ஒன்றுதான். ஓட்டத்தில் இரண்டும் இரண்டு பைக். அமுங்க அமுங்க லீவரேஜ் எப்படி மாறுகிறது என்ற வளைவு தெரிய வேண்டும். சில நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. கிடைக்கவில்லை என்றால் அரைநாள் வேலை, இரண்டு மரப்பட்டைகள் போதும்.

12 மி.மீ. ப்ளைவுட்டில் ஃபிரேமின் ஷாக் இருக்கைக்குள் நுழையும் அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். இரண்டின் ஒரு முனையிலும் ஒரு 8 மி.மீ. துளை. அங்கிருந்து மையத்துக்கு மையம் அளந்து, முதல் பட்டையில் 230, 210, 190, 170 மி.மீ. தூரத்தில் துளையிடுங்கள், இரண்டாவதில் 220, 200, 180. எல்லாவற்றையும் ஒரே பட்டையில் போடப் பார்த்தால் 10 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. துளைகள் வரும்; நடுவில் 2 மி.மீ. மரம்தான் மிஞ்சும், பிளந்துவிடும். ஃபிரேமின் போல்ட் 8 மி.மீ. இல்லை என்றால் துளையையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

ஷாக்கைக் கழற்றி, பைக்கை சீட் போஸ்டில் பிடித்து ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஷாக் இருந்த இடத்தில் பட்டையை 230 துளையில் மாட்டி, பின் அச்சின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 220, பிறகு 210, இப்படி 170 வரை. ஸ்டாண்ட் அசையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். நடுவில் ஒரு முறை பைக் நகர்ந்தாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ட்ரன்னியன் ஃபிரேமில் இந்தப் பட்டை நிற்காது. அங்கே ஒருவர் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் போல்ட் துளைகளின் தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டியதுதான்.

நம் ஃபிரேமில் ஒவ்வொரு 10 மி.மீ. படிக்கும் அச்சு ஏறும் அளவு இப்படி வரும்: 27.5, 26.5, 25.5, 24.5, 23.5, 22.5. கூட்டினால் 150. ஒவ்வொன்றையும் 10-ஆல் வகுத்தால் அந்தப் படியின் நடுவில் உள்ள லீவரேஜ். முதல் படி 2.75, கடைசிப் படி 2.25. கட்டம் போட்ட தாளில் குறித்துக் கோட்டை இரு முனைக்கும் நீட்டினால் தொடக்கம் 2.8, முடிவு 2.2. டேப்பில் ஒரு மி.மீ. பிழை வந்தாலே லீவரேஜ் 0.1 தவறிவிடும். ஆகவே தனிப் புள்ளியை நம்பாதீர்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே ஓடும் கோட்டை நம்புங்கள்.

இப்போது ஏறுமுகம் எவ்வளவு என்று பார்க்கலாம்: (2.8 − 2.2) ÷ 2.8 = 21 சதவீதம். அமுங்க அமுங்க ஷாக்கை அமுக்குவது இவ்வளவு கடினமாகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஷாக்கில் ஸ்பிரிங்காக இருக்க வேண்டியது காற்றா, காயிலா (கம்பிச்சுருள்) என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை இதில் இருக்கிறது.

லிங்க் வகையின் பெயரை வைத்து மட்டும் வளைவை ஊகிக்க வேண்டாம். ஆரஞ்ச் பைக்குகளைப் போல ஷாக்கை ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கும் கை) நேராகவே தள்ளும் ஒற்றைப் பிவட்டில் (ஒரே சுழல் மூட்டு) கோடு பெரும்பாலும் தட்டையாக இருக்கும். பின் அச்சுக்கு முன்னால் ஒரு மூட்டு உள்ள ஹார்ஸ்ட் லிங்கில் ராக்கரின் (ஷாக்கைத் தள்ளும் லிங்க்கின்) வடிவம்தான் வளைவைத் தீர்மானிக்கிறது, எதுவும் சாத்தியம். பின்பகுதியை இரண்டு குட்டை லிங்க்குகள் தாங்கும் பழைய விபிபி ஃபிரேம்களில் கோடு நடுவில் திசை மாறும். அதே விபிபி, ஷாக்கைக் கீழ் லிங்க்கோடு இணைக்கும் பிந்தைய சான்டா குரூஸ் பைக்குகளில் சீராக இறங்குகிறது. பெயர் ஒன்று, நடத்தை இரண்டு.

காற்றா, காயிலா

காயில் ஸ்பிரிங்கின் விசை நேர்கோட்டில் ஏறும்; முதல் மி.மீட்டருக்கு எவ்வளவோ கடைசி மி.மீட்டருக்கும் அவ்வளவே கூடும். காற்று அப்படியில்லை. அறை சுருங்கச் சுருங்க அழுத்தம் வேகமாக எகிறும், முக்கியமாகக் கடைசிக் கால்பங்கில். ஆகவே அடியில் தாங்கும் வேலையை லிங்க் செய்யாத ஃபிரேமில் அதைக் காற்று செய்ய வேண்டும்.

ஏறுமுகம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் காற்று ஷாக், அதிலும் காற்றறையைச் சிறிதாக்கும் ஸ்பேசர் போட்டுத்தான் (முன்பு சொன்ன ஸ்ட்ரோக் ஸ்பேசர் இல்லை). அங்கே காயிலைப் போட்டால், அடிமுட்டாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டிவரும். கடினமாக்கினால் சின்னக் கல்லெல்லாம் இடுப்பில் தெரியும். 20 சதவீதத்துக்கு மேல் காயில் நன்றாக வேலை செய்யும். நடுவில் உள்ள ஃபிரேம்களில் ஹைட்ராலிக் அடித்தடுப்பு உள்ள காயில் ஷாக்கைப் பார்க்கலாம். அது வேகத்தைத் தடுக்கும், ஆனால் ஸ்பிரிங்குக்கு மாற்றாகாது. 30 சதவீதத்தைத் தாண்டிய ஃபிரேமில் சிறிய கேன் (காற்றறை உறை) உள்ள காற்று ஷாக்கைப் போடுவது இன்னொரு தவறு: லிங்க்கும் ஏறும், காற்றும் ஏறும், கடைசி 25 மி.மீ. பயணம் அலங்காரத்துக்குத்தான். பணம் கொடுத்து வாங்கிய பயணம் அது. கடைசியில் லீவரேஜ் மேலே போகும் ஃபிரேமும் உண்டு. அதில் காயில் வேண்டவே வேண்டாம்.

காயில் எண்ணைக் கணக்கிடுவது

உடை, ஹெல்மெட், தண்ணீரோடு ஓட்டுபவர் 70 கிலோ என்று வையுங்கள். பெடலில் நின்று ஓட்டும் நிலையில் சுமார் 65 சதவீதம் பின்னால் இறங்கும்: 45.5 கிலோ. பைக்கின் சொந்த எடையில் பின் ஷாக் தாங்குவது ஏறக்குறைய 5 கிலோ. மொத்தம் 50.5.

சேக், அதாவது ஏறி நின்றதும் ஷாக் தானாக அமுங்கும் அளவு, 30 சதவீதம் என்றால் 60-ல் 18 மி.மீ. அந்த இடத்தில் லீவரேஜ் 2.62 (2.8-லிருந்து 0.6-ன் 30 சதவீதத்தைக் கழித்தது). ஷாக்கில் விழும் பாரம் 50.5 × 2.62 = 132 கிலோ. அதை 18-ஆல் வகுத்தால் ஒரு மி.மீட்டருக்கு 7.35 கிலோ. காயில்கள் பவுண்ட்/இன்ச் கணக்கில் விற்கப்படுவதால் 56-ஆல் பெருக்குங்கள்: 412. ஆக 400-ஐ வாங்கலாம். 25 படிகளில் விற்பவரிடம் 425-ம் கிடைக்கும். குதிப்பு அதிகம் உள்ள பாதை என்றால் 425.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஷாக்கில் 18 மி.மீ. என்பது சக்கரத்தில் 30 சதவீதம் இல்லை. தொடக்கத்தில் லீவரேஜ் கூடுதல் என்பதால் சக்கரம் அதற்குள் 49 மி.மீ. ஏறியிருக்கும், அதாவது 32.5 சதவீதம். ஃபிரேம் கம்பெனி சொல்லும் சேக் ஷாக் தண்டில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா என்று படித்துப் பாருங்கள்.

காயிலின் ஸ்ட்ரோக் ஷாக்கின் ஸ்ட்ரோக்குக்குக் குறையக் கூடாது. 60 ஸ்ட்ரோக் ஷாக்கில் 55 ஸ்ட்ரோக் காயிலைப் போட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி இடித்துக்கொள்ளும். உள்விட்டமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காயிலை இறுக்கிப் பிடிக்கும் முன்சுமை வளையத்தை, காயில் ஆடாமல் நின்ற பிறகு ஒரு சுற்று, அதிகம் போனால் இரண்டு சுற்று திருகினால் போதும். அதற்கு மேல் சுற்றித்தான் சேக் சரியாகிறது என்றால் காயில் மென்மை. அடுத்த எண்ணுக்குப் போங்கள். வளையத்தைச் சுற்றுவதால் காயில் கடினமாகாது.

டேம்பிங் ட்யூன்

செகண்ட்-ஹேண்ட் ஷாக் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் அளவு சரியாக இருக்கும், பொருந்தவும் செய்யும். உள்ளே உள்ள ஷிம் அடுக்கு (எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து டேம்பிங்கை, அதாவது அசைவுக்கு எதிர்ப்பைத் தரும் மெல்லிய தகடுகள்) வேறு ஃபிரேமுக்காகக் கட்டப்பட்டிருக்கும்.

லீவரேஜ் கூடினால் ஷாக் தண்டு சக்கரத்தைவிட மெதுவாக நகர்கிறது, அது தரும் எதிர்ப்பும் சக்கரத்துக்குக் குறைந்தே போய்ச் சேர்கிறது. இரண்டு இழப்பும் சேர்வதால் சக்கரத்தில் உணரும் டேம்பிங், லீவரேஜின் வர்க்கத்தால் வகுபடும். 2.4 ஃபிரேமில் சரியாக இருந்த ஷாக்கை 3.0 ஃபிரேமில் போட்டால், 3.0 ÷ 2.4 = 1.25, அதன் வர்க்கம் 1.56. அதே உணர்வு வர 56 சதவீதம் கூடுதல் டேம்பிங் வேண்டும். வெளியே உள்ள குமிழ் அவ்வளவு தூரம் இழுக்காது.

ஃபாக்ஸ் ஷாக்கில் நான்கு எழுத்து-எண் அடையாளம் ஒட்டியிருக்கும். அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் எந்த ட்யூன் என்று வரும். ராக்‌ஷாக்ஸில் சீரியல் எண்ணை ட்ரெயில்ஹெட் தளத்தில் போடலாம். ‘லோ’, ‘மீடியம்’, ‘ஹை’ என்று கம்ப்ரெஷனுக்கும் (ஷாக் அமுங்குவது) ரீபவுண்டுக்கும் (மீண்டு எழுவது) தனித்தனியாகப் பாருங்கள். பிறகு உங்கள் ஃபிரேமோடு கம்பெனியிலிருந்து வந்த ஷாக்கின் ட்யூனோடு ஒப்பிடுங்கள். பெடல் அழுத்தும்போது செயின் இழுப்பே பின்பக்கம் அமுங்காமல் தாங்கும் டிடபிள்யூ-லிங்க் போன்ற அமைப்புகளுக்கு லேசான கம்ப்ரெஷன் போதும். அந்தத் தாங்கல் குறைந்த ஃபிரேம்களில் ஏற்றத்தில் குதியாட்டம் போடும். அங்கே கனமான ட்யூனோ ஏறும்போது பூட்டும் லீவரோ வேண்டும்.

குமிழைக் கொண்டே ட்யூனைச் சோதிக்கலாம். உங்கள் எடைக்கு சேக் சரிசெய்த பிறகு, பிடித்த ரீபவுண்ட் நிலை குமிழின் நடுப்பகுதியில் விழுந்தால் ட்யூன் சரி. முழுக்க மூடியும் பின்பக்கம் உதைத்தால் ட்யூன் லேசு. முழுக்கத் திறந்தும் அடுத்தடுத்த வேர்களில் பைக் மேலே வராமல் தாழ்ந்துகொண்டே போனால் ட்யூன் கனம். இரண்டுக்கும் ஷிம் மாற்றுவதே வழி.

ட்ரெக்கின் த்ரூ-ஷாஃப்ட், ஸ்காட்டின் கேபிள் வைத்த நூட் போன்ற ஷாக்குகள் அந்தந்த ஃபிரேமுக்கென்றே செய்தவை. மலிவாக வந்தாலும் வேறு பைக்குக்கு வாங்காதீர்கள்.

இடம், புஷ், பக்கவாட்டு விசை

எண்ணெய்த் தொட்டி தொங்கும் ஷாக் ஃபிரேமில் இடிக்கிறதா என்பதை நின்ற நிலையில் பார்த்தால் போதாது. முழு அமுக்கத்தில் பார்க்க வேண்டும். காயில் ஷாக் என்றால் காயிலைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் மாட்டி, சக்கரத்தைத் தூக்கி அடிவரை கொண்டுபோங்கள். காற்று ஷாக் என்றால் பைக்கை லேசாக அமுக்கி விட்டபடியே காற்றை மெதுவாக 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, உடல் எடையால் அமுக்குங்கள். ஒரேயடியாகப் புஸ்ஸென்று விட்டால் எதிர்ப்பக்க அறையில் காற்று சிக்கி, ஷாக் உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிடலாம். அப்படி நின்ற ஷாக்கின் கேனை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். உள்ளே சிக்கிய அழுத்தம் கேனைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறியும்.

இருக்கை அகலத்தை வெர்னியரால் அளந்து அதற்கேற்ற புஷ் வாங்குங்கள். பழைய ஷாக்கின் புஷ் புதிய நிறுவனத்தின் ஷாக்கில் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியலைத் தேட வேண்டியிருந்தால் ஃபிரேமின் இரு காதுகளும் நேர்கோட்டில் இல்லை. அப்படியே முறுக்கினால் சில மாதத்தில் தண்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கோடு விழும். ட்ரன்னியனில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் அகலப் பிடிப்பு வளைந்து கொடுக்காது.

ஸ்பெஷலைஸ்டின் பழைய ஸ்டம்ப்ஜம்பர், எண்டூரோ போல, ஷாக்கின் ஒரு முனையை நீண்ட கவட்டை ஒன்று இழுத்துச் செல்லும் ஃபிரேம்களில் காயிலுக்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ஃபிரேம் நெளியும்போது அந்தக் கவட்டை கடப்பாரை போல ஷாக்கை வளைக்கும். காற்று ஷாக்கின் பருத்த உடம்பு அதை ஓரளவு தாங்கும். காயில் ஷாக்கின் மெல்லிய தண்டு வளையும், ஒடியவும் செய்யும். ஷாக் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உங்கள் ஃபிரேம் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதல் நாள் அமைப்பு

காற்று ஷாக்கில் உங்கள் எடையைப் பவுண்டில் எடுத்து அதே எண்ணை பிஎஸ்ஐ ஆக வைத்துத் தொடங்கலாம்: 70 கிலோ என்றால் 155. லீவரேஜ் 2.5-க்கு மேல் போனால் இன்னும் ஏற்ற வேண்டிவரும். கனமான ஆள், 3.0 ஃபிரேம் என்றால் ஷாக்கில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தையே தொட்டுவிடலாம்; அந்த ஜோடியைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு 50 பிஎஸ்ஐக்கும் நிறுத்தி, கால்பங்கு ஸ்ட்ரோக் வரை பத்து முறை மெதுவாக அமுக்கி விடுங்கள். முதன்மைக் காற்றறையும் எதிர்ப்பக்க அறையும் சமமாகும். இதைச் செய்யாமல் அளந்த சேக் பொய். பம்ப்பைக் கழற்றும்போது வரும் சீற்றம் குழாயில் இருந்த காற்று; மறுபடி மாட்டினால் முள் குறைவாகக் காட்டுவதும் குழாய் நிரம்புவதால்தான். ஒவ்வொரு முறையும் ‘குறைந்துவிட்டது’ என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

சேக் 18 மி.மீ. வந்ததும் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை மேலே தள்ளி விட்டு, வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து, அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். பாதையின் மிக மோசமான இறக்கத்தில் 57–60 மி.மீ. வரை போயிருந்தால் சரி. ஐந்து ஓட்டத்துக்குப் பிறகும் 52-ஐத் தாண்டவில்லை என்றால் காற்றறை ஸ்பேசரில் ஒன்றை எடுங்கள். காற்றை இறக்காதீர்கள், சேக் கெடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அடிமுட்டுகிறது, ஆனால் சேக் சரியாகவே இருக்கிறது என்றால் ஒரு ஸ்பேசரைச் சேருங்கள். எல்லா ஸ்பேசரையும் போட்டும் முட்டுகிறதென்றால், தாளில் வரைந்த அந்த லீவரேஜ் கோட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதன் வால் மேல்நோக்கித் திரும்பியிருக்கும்.